அரசமரத்தடியில் சேர்ந்த சாமி படங்கள்

பழைய பேப்பர்காரனிடம் மக்கள் எதை வேண்டுமானாலும் போடுவார்கள், சாமியைத் தவிர. போடியில் மூன்று சக்கர வண்டியோடு தெருத்தெருவாகச் சுற்றும் எனக்கு இது அத்துப்படி. உங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னாலும் மங்கிப்போன படம் ஒன்று இருக்கும், வெட்கப்படாதீர்கள்.

ஓட்டை காலண்டர்

ஏலக்காய் பிரிக்கும் வேலைக்குப் போகிற ஜோதி ஒரு கட்டு காலண்டர் அட்டை கொடுத்தார். எல்லாவற்றிலும் நடுவில் ஓட்டை. முருகனை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தார். எடுத்த முருகன்களெல்லாம் எங்கே என்று கேட்டேன். அரிசி டிரம் மேல் இருந்த துணிப்பையைக் காட்டினார்.

"அட்டைய நீங்க கொண்டுபோங்கண்ணே. முருகனை எங்கிட்டு விடுறதுன்னுதான் முழிச்சிக்கிட்டு இருக்கேன்."

பேச்சியம்மாவின் கை

இப்படி முழித்தவர்கள் கண்டுபிடித்த இடம்தான் தெருமுனை அரசமரத்தடி. கண்ணாடி போட்ட படங்கள் அங்கே குவிந்து கிடந்தன. தெருக் கூட்டுகிற பேச்சியம்மா, சருகோடு கிடந்த கண்ணாடியில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். நாலு தையல். அந்தக் கையில்தான் மறுநாளும் விளக்குமாறு. எனக்கு ஆத்திரமாக வந்தது. மொத்தத்தையும் அள்ளிக் குப்பை வண்டியில் போட வேண்டியதுதானே என்றேன். பதறிவிட்டார்.

"குப்பைன்னா அள்ளிருவேன்ணே. சாமிய எப்படி அள்ளுறது?"

பாய் சொன்னது

மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. பள்ளிவாசல் பக்கத்து டீக்கடை காதர் பாயிடம் கேட்டேன். கிழிந்துபோன வேதத் தாள்களைத் துணியில் கட்டி, கால் படாத இடத்தில் புதைத்துவிடுவார்களாம். அப்படியானால் அட்டை?

"தாளுக்குத்தான் மாப்ளே மரியாதை. பைண்டு அட்டைய இத்தன வருசமா நீதான கொண்டுபோற!"

கரையாத லட்சுமி

இதை ஜோதியிடம் சொன்னேன். களிமண் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைக்கிறோமே, காகித முருகனையும் கரைத்தால் என்ன என்றார். ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாவையும் சேர்த்துக்கொண்டு மூவரும் அரசமரத்தடியில் உட்கார்ந்தோம். சட்டமும் கண்ணாடியும் என் வண்டிக்கு. படங்கள் மஞ்சள் தண்ணீர் டிரம்முக்கு. ஊறிக் கூழானதை மரத்தின் வேரில் ஊற்றினோம். ஒரு லட்சுமி மட்டும் மூன்று நாள் ஊறியும் சிரித்துக்கொண்டே இருந்தாள். லேமினேட் செய்த படம். நானும் ஜோதியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பேச்சியம்மா அதை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"இதுக்குக் கண்ணாடியே வேணாம்ணே, யாரு கையையும் கிழிக்காது. எங்க வீட்டுக்கு வரட்டும்."

மறுசுழற்சி என்றால் என் வண்டியில் ஏறினால்தான் நடக்கும் என்று இத்தனை வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டு மணியடித்திருக்கிறேன்.