பிலோமினம்மாளுக்கு ஒரு பால்கனி

பிலோமினம்மாளிடம் யாராவது ஒரு தட்டு பிரியாணியை நீட்டினால், முதலில் ‘வேணாம்’ என்றுதான் சொல்வார். பசியில் வயிறு காந்திக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். இரண்டாம் தடவை கேட்டால், ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்பார். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான், ‘சரி, கொஞ்சமா வைங்க’ என்று உட்காருவார். அப்புறம் கொஞ்சமாகச் சாப்பிடுவாரா என்பது வேறு விஷயம். அவர் வளர்ந்த வீட்டில் இதற்கு மரியாதை என்று பெயர். கேட்டவுடனே கையை நீட்டுகிற பிள்ளைக்குப் பறக்காவெட்டி என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். கேட்கிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் கணவர் சூசைநாதனுக்குத் தெரியாது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பயணி மணியை அடித்தால் நிறுத்துவார், அடிக்காவிட்டால் போய்க்கொண்டே இருப்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், “படத்துக்குப் போவோமா?” என்று கேட்டார். “உங்க இஷ்டம்” என்றார் பிலோமினம்மாள். சூசைநாதன் தன் இஷ்டப்படியே பாயை விரித்துப் படுத்துவிட்டார். பூன் லே வட்டாரத்தில் அடுக்குமாடி வீடு எடுத்தபோது பத்தாவது மாடியா, மூன்றாவது மாடியா என்று பேச்சு வந்தது. “எதுவானாலும் சரி.” மூன்றாவது மாடி வந்து சேர்ந்தது. இன்றைக்கும் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே கார் நிறுத்துமிடத்தின் சுவர்தான். மகன் பிறந்தபோது அமல்ராஜ் என்றொரு பெயர் பிலோமினம்மாள் மனதில் இருந்தது. அது மனதிலேயே இருந்துவிட்டது, பிள்ளை ஆர்னால்ட் ஆனான்.

இதையெல்லாம் நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவர். நன்றாகச் சிரிப்பார். பங்குக் கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியத்தை முந்திக்கொண்டு பாடுவார். தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது மட்டும் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

இவர்களுடைய நாற்பதாவது திருமண நாள் நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆர்னால்ட் ஒரு கையால் ஆட்டுக்கறியைப் பிசைந்தபடி மறு கையால் கைப்பேசியை நிமிர்த்தி வைத்தான்.

“மா, பா, உங்க ஆனிவர்சரிக்குக் கப்பல்ல அனுப்புறேன். பினாங்கு, புக்கெட் போய்ட்டுத் திரும்பி வரும். எந்த ரூம்னு மட்டும் சொல்லுங்க. இன்சைட் கேபினா, பால்கனியா?”

இரண்டு படங்களைக் காட்டினான். முதல் படத்தில் கட்டில், விளக்கு, கண்ணாடி எல்லாம் பாங்காகத்தான் இருந்தன. சுவரில் ஒரு திரைகூடத் தொங்கியது, அதற்குப் பின்னால்தான் ஜன்னல் இல்லை. இரண்டாவது படத்தில் ஒரு கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. வெளியே இரண்டு நாற்காலி, அதற்கப்பால் கடல். ஒரு நாற்காலியில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, செருப்பில்லாத காலை நீட்டிக்கொண்டு, கையில் கோப்பையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிலோமினம்மாள் அந்தப் பெண்ணையே பார்த்தார்.

“ரூமுன்னா தூங்குறதுக்குத்தான் லா,” என்றார் சூசைநாதன். “முப்பது வருசம் எதிர்ல கண்ணாடியப் பாத்துப் பாத்தே ஓட்டியாச்சு. எனக்கு இருட்டா இருந்தாப் போதும்.”

“மா, உங்களுக்கு?”

பிலோமினம்மாளின் கண் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல, “எனக்கு எதுவானாலும் சரிப்பா” என்றது.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இப்போது மகன், ‘இல்லம்மா, சொல்லுங்க’ என்பான். தான், ‘அப்பாவுக்கு எது வசதியோ’ என்று சொல்லலாம். அதற்கும் மேல் அவன் கேட்டால், போகிறது போ என்று பால்கனிக்கு இறங்கி வரலாம்.

“ஓகே, இன்சைட். டன்!” என்று ஆர்னால்ட் கைப்பேசியைத் தட்டினான். “வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்தலாம், அப்புறம் முடியாது. மா, இன்னும் கொஞ்சம் ரசம்.”

பிலோமினம்மாள் ரசத்தை ஊற்றினார். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை என்று பேசுகிற பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் வளர்ந்த பிள்ளை.

அப்படி என்ன பால்கனி ஆசை என்று கேட்கலாம். பிலோமினம்மாள் ஓய்வு பெறும்வரை ஜூரோங்கில் கணினிக்கான மின்சில்லு செய்கிற ஆலையில் வேலை பார்த்தவர். கிளீன் ரூம் என்று அங்கே ஒரு கூடம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் தெரியும். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது, எந்நேரமும் மஞ்சள் விளக்கு. வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால், அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்களின் குடை நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் ஆயுளில் பாதிப் பகல் அந்த அறைக்குள்தான் போயிற்று.

இத்தனைக்கும் சுற்றிலும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தவர். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகாமல் இல்லை. போனால் பாய் விரிக்க வேண்டும், டப்பாக்களைத் திறக்க வேண்டும், எல்லாருக்கும் பரிமாற வேண்டும், ஈ ஓட்ட வேண்டும். கடல் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒரே ஒரு காலையில் தலையைப் பின்னாமல், நைட்டியோடு, கையில் கோப்பியோடு, யாருக்கும் எதுவும் எடுத்து வைக்காமல் கடலுக்கு நேரே உட்கார வேண்டும் என்று அவருக்கு இருந்தது. இந்த வயதில் இப்படியொரு ஆசையா என்று வெட்கமாகவும் இருந்தது.

வாய்விட்டுக் கேட்க வராததால் ஜாடைமாடையாகப் பேசிப் பார்த்தார்.

“உள்ளார ரூம்ல புழுக்கமா இருக்குமாம்ங்க.”

“ஏர்கான் இருக்கு.”

“விடிஞ்சதே தெரியாதாம்.”

“அதான் எனக்கு வேணும்.”

“கப்பல் ஆடுனா வாந்தி வருமாம். கடலப் பாத்துக்கிட்டிருந்தா வராதாம்.”

“மாத்திர வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, மனைவிக்குக் கப்பல் பயம் போலிருக்கிறது என்று சூசைநாதன் அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய் மாத்திரையும் வாங்கி வந்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, மணி அடித்தால்தான் காது கேட்கும்.

கடைசியில் பிலோமினம்மாள் கோயிலுக்குப் போய் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார். இவருடைய பால்கனியோ தொலையவே இல்லை, கிடைத்தால்தானே தொலைவதற்கு? அவரும் பாவம், என்ன செய்வார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது மங்களத்தைப் பார்த்தார். இருவரும் அந்த மஞ்சள் விளக்கு அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். மங்களத்துக்கு மனதில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும், மீன்காரர்களே அவரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பிலோமினம்மாள் நடந்ததையெல்லாம் கொட்டினார்.

“ஏன்டி, அவன் கேக்குறப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்றார் மங்களம்.

“நாமளா எப்படிடி கேக்குறது? அவன் இன்னொரு தடவ கேப்பான்னு பாத்தேன்.”

“அந்தோணியாருகிட்ட கேட்டேல்ல? அவரு என்ன, ஒன்ன மூணு தடவ உபசாரம் பண்ணாரா?”

பிலோமினம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. சாமியிடம் கூசாமல் கேட்க முடிகிறது, பெற்ற பிள்ளையிடம் முடியவில்லையே. வீடு வருகிறவரை ரயிலில் அதே நினைப்பாக வந்தார்.

சாயங்காலம் அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, கைப்பேசி அடித்தது. சூசைநாதன் எடுத்து, எப்போதும்போல ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

“பா, இன்னிக்குத்தான் கடைசி. இன்சைடே இருக்கட்டுமா?” என்றது ஆர்னால்டின் குரல்.

“இருக்கட்டும், இருக்கட்டும். அம்மாவும் எதுவானாலும் சரின்னுட்டா.”

பிலோமினம்மாள் அடுப்பை அணைத்தார். கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார். இப்போது பேசாவிட்டால் அந்த நாற்காலியில் எவளோ ஒருத்தி போய் உட்காருவாள் என்று தோன்றியது.

“எனக்குப் பால்கனி வேணும்.”

கோயிலில் பாடுகிற குரல் அப்படியே வந்துவிட்டது. அவருக்கே திடுக்கென்றது. சூசைநாதன் கைப்பேசியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“நீதானே எதுவானாலும் சரின்னு...”

“சொன்னேன். பொய் சொன்னேன்.”

“வெளிச்சம் வருமே பிலோமி. எனக்குத் தூக்கம் வராதே.”

“கண்ண மூடிக்குங்க.”

கைப்பேசிக்குள்ளிருந்து ஆர்னால்ட் சிரித்தான். “இருங்க, இருங்க. மா, நான் சண்டே கேட்டேன்ல? அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“நீ இன்னொரு தடவ கேப்பன்னு இருந்தேன்பா.”

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“மாத்திட்டேன் மா. பால்கனி. கன்ஃபர்ம்.”

“நல்லதுப்பா” என்றார் பிலோமினம்மாள். சந்தோஷத்தில் கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவன் கைப்பேசியை வைத்துவிடுவான் என்று நினைத்து அடுப்புப் பக்கம் திரும்பினார்.

“மா.”

“என்னப்பா?”

“இன்னொரு தடவ கேக்கணும்னு எனக்கு யாருமே சொல்லலையே. சின்ன வயசுலேர்ந்து நீங்க வேணாம்னு சொன்னா, நெஜமாவே வேணாம்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.” அவன் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. “வேற என்னெல்லாம் வேணும்னு இருந்துச்சு மா?”

இப்படி ஒருவர் தன்னைக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. கண் நிறைந்துவிட்டது. ‘ஒண்ணும் இல்லப்பா’ என்ற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, கரண்டியை மேசைமேல் வைத்தார்.

“ஒனக்கு இப்ப நேரம் இருக்கா?” என்று கேட்டபடி, பிலோமினம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூசைநாதன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.