எனக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை

என் மகனைக் கெடுத்தவன் நான். அவனுடைய நண்பர்கள் அல்லர். இந்த ஊர் அல்ல. அவன் தலையெழுத்தும் அல்ல. அந்த மாத்திரையை அவன் உள்ளங்கையில் முதலில் வைத்த கை, இதோ, இந்தக் கைதான்!

இந்தக் கை வேறு என்னவெல்லாம் செய்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட எனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சங்கரன்கோவில் பக்கமிருந்து டில்லிக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இந்தி, ‘பானி’ என்ற ஒரு சொல். சரோஜினி நகரில் ஒரு தகரக் கொட்டகையில் ஆட்டுக்கல்லைப் போட்டேன். சைக்கிளில் மாவுத் தூக்குகளைக் கட்டிக்கொண்டு ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸ் படிகளையெல்லாம் ஏறி இறங்கினேன். டில்லிக் குளிரில் மாவு புளிக்காது என்று சிரித்தார்கள். கம்பளியில் சுற்றி, வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் பிள்ளையைப் போலப் படுக்க வைத்துப் புளிக்க வைத்தேன்! பிறகு மெஸ் வந்தது. பிறகு கல்யாணச் சமையல். பிறகு முனிர்காவில் மூன்று மாடி. எவன் சிபாரிசும் இல்லை. எவன் காலிலும் விழவில்லை.

என் அண்டா முதல் கரண்டி வரை ‘சு.மாடசாமி, டில்லி’ என்று பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரத்தை என் அடுப்பில் ஏற்றவிட்டதில்லை. நான் செய்தது நான் செய்தது என்று தெரிய வேண்டும். அதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

எனக்கு வலிக்காது.

கொதிக்கும் இட்லித் தட்டைத் துணி இல்லாமல் தூக்குவேன். கடைவாய்ப் பல்லை ஊசி போடாமல் பிடுங்கச் சொன்னேன்; பல் டாக்டரின் கைதான் நடுங்கியது. இதையெல்லாம் நான் மனோபலம் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன். நீங்களும் என் மெஸ்ஸில் சாப்பிட்டிருந்தால் அந்தப் பல் கதையை இரண்டு முறையாவது கேட்டிருப்பீர்கள்.

என் சமையற்கட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவன், ஆவி பறக்கும் இட்லித் தட்டை வெறுங்கையால் அடுப்பிலிருந்து மேசைவரை கொண்டுபோக வேண்டும். பத்து எட்டு வைத்தால் போதும். போட்டுவிட்டால் வேலை இல்லை. அடுப்புக்கு அஞ்சுகிறவன் சமையலுக்கு ஆகமாட்டான் என்பது என் சட்டம்.

என் ஒரே மகன் குமரனுக்குப் பத்தொன்பது வயதானபோது, அவனையும் அதே அடுப்பின் முன் நிறுத்தினேன். மூன்றாவது எட்டில் தட்டைப் போட்டான்! இட்லிகள் தரையெல்லாம் உருண்டன. இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“முதலாளி மவன் கையி வெண்ணெயால செஞ்சது போலிருக்கு!” என்றான் சரக்கு மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

“எலேய், எந்திரி. நடிக்காத.”

“நடிக்கலப்பா… ஸச்சி, ரொம்ப எரியுது.”

டில்லியில் பிறந்தவன். அவன் தமிழில் பாதி இந்திதான். அன்று எனக்கு அந்த ‘ஸச்சி’ கேட்கவில்லை. அவன் சொன்ன சத்தியத்தை நான் காதில் வாங்கவே இல்லை… இன்று அது மட்டும்தான் கேட்கிறது.

அவன் சிறுவயது முதலே அப்படித்தான். முள் குத்தினால் முகம் வெளுக்கும். “பிள்ளைக்கு மெய்யாவே வலிக்கி. நீங்க ஏன் நம்ப மாட்டேங்கிய?” என்று என் மனைவி கோமதி கேட்பாள். அவள் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று நினைத்தேன். யாரை யார் கெடுத்தது!

அந்த ஆண்டு தை பிறக்கும் முன்பே, வரிசையாகக் கல்யாணங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது பார்த்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான் குமரன். இடுப்பில் நல்ல அடி. எலும்பு டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதினார். காலை ஒன்று, மாலை ஒன்று, ஐந்தே நாள். அதற்கு மேல் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அந்த மாத்திரையை எனக்குத் தெரியும். ஒருமுறை அண்டா சரிந்து என் கால் நசுங்கியபோது இதையே எனக்கும் கொடுத்தார்கள். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. தூக்கம்கூட வரவில்லை. பெப்பர்மின்ட் மிட்டாய் தின்றதைப் போலத்தான் இருந்தது.

எனக்கு ஒன்றும் செய்யாதது அவனுக்கு என்ன செய்துவிடும்? என் இரத்தம்தானே அவன்?

அவ்வளவுதான் நான் போட்ட கணக்கு. மூன்றாம் வகுப்புக் கணக்கு!

ஆறாம் நாளும் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் என் வாடிக்கை, சீட்டுக் கேட்கவில்லை. பெருங்காய டப்பாவில் போட்டு என் வேட்டி மடியில் வைத்துக்கொள்வேன். விடிந்ததும், தோசைக்கல்லின் முன் நிற்கும் முன்பாக, அவன் கையை நீட்டச் சொல்லி ஒன்று வைப்பேன். சில நாள் இரண்டு.

அவன் மாறினான்! வெந்த கையோடு தோசை திருப்பினான். அனலில் நின்று பாடினான். இட்லித் தட்டைப் பத்து எட்டும் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சரக்கு மாஸ்டரே, “அண்ணாச்சி, இப்பத்தான் ஒங்க பிள்ளை மாரி இருக்கான்” என்றான். என் நெஞ்சு எப்படி நிமிர்ந்தது தெரியுமா?

மூன்றாம் வாரம் என்று நினைக்கிறேன். நான் டப்பாவை எடுக்கத் தாமதித்தேன். அவன் கை நடுங்கியது. என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தான்… பசித்த குழந்தை தாயைப் பார்ப்பது போல.

“அப்பா, ஜல்தி…”

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்காதவன்தான், குருடன் அல்லவே! தெரிந்தும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? முகூர்த்தங்கள் பாக்கி இருந்தன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நாட்களில் என் மகன் என்னைப் போல் இருந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது… அதுதான் உண்மை.

எட்டு மாதம். பிறகு ஒருநாள் பயந்துபோய், “போதும்ல” என்று சட்டென நிறுத்தினேன். அவன் வியர்த்தான், வாந்தி எடுத்தான், எலும்பெல்லாம் உடைகிறது என்று கதறினான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நடிக்காத.”

மறுவாரம் அவனே வெளியில் தேடிக்கொண்டான். முதலில் மாத்திரை, அப்புறம் இருமல் மருந்து, அப்புறம் ஊசி. அடுப்படிப் பக்கமே வருவதில்லை.

ஊர் கேட்டது. நான் பழியை இறக்கிவைக்க இடம் தேடினேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளை ராஜு, குமரனோடு சேர்ந்து சுற்றுகிறவன். “சேர்க்கை சரியில்ல” என்றேன் கோமதியிடம். நான் சொன்னது இரண்டே சொல். அவள் தெருவில் இறங்கிப் போனாள்.

“அரே ராஜு! மேரா பேட்டா கோ தூனே பர்பாத் கியா! எம் பிள்ளையக் கெடுத்திட்டியே! நீ வெளங்குவியால?”

“ஆன்ட்டி, மைனே குச் நஹீ கியா” என்றான் அவன், தான் ஒன்றும் செய்யவில்லை என்று. திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் சாம்பார் கொடுத்தனுப்பும் தூக்குவாளியை ராஜுவின் தாய் அன்றே திருப்பி அனுப்பினாள். எப்போதும் அதில் ஏதாவது பண்டம் வைத்துத்தான் அனுப்புவாள். அன்று கழுவித் துடைத்து, வெறும் வாளியாக வந்தது. மேலே என் பெயர் பளபளவென்று இருந்தது.

சென்ற மாதம் குமரன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அதே ராஜுதான்.

அங்கே ஒரு டாக்டர் பெண். தமிழ்ப் பெண். “அங்கிள், சின்ன வயசுல உங்க மாவுலதான் எங்காத்துல தோசை” என்றாள். நான் வழக்கம்போல் பல் கதையைச் சொன்னேன். இந்த மாத்திரை எனக்கு ஒன்றும் செய்யாததையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அங்கிள், எல்லார் மூளைக்குள்ளயும் ஒரு மருந்துக்கடை இருக்குன்னு வெச்சுக்கோங்கோ. வலிச்சா அதுவே மருந்து எடுத்துக் கொடுக்கும். உங்களுக்குப் பெரிய கடை. எப்பவும் ஷட்டர் திறந்தே இருக்கு. குமரனுக்குப் பிறவியிலேயே சின்னக் கடை. வெளி மருந்து நிறைய வந்ததும், அந்தச் சின்னக் கடையும் மூடிடுத்து. இப்போ அவனுக்குச் சும்மா இருந்தாலே வலி.”

“அந்த மாத்திரை எனக்கு மட்டும் ஏம்மா வேலை செய்யல?”

“சில பேர் உடம்பு அப்படி. அதே மருந்து ஒருத்தருக்குத் தண்ணி, இன்னொருத்தருக்கு சொர்க்கம்.”

“அப்ப, நான் தாங்கினதெல்லாம்?”

“நீங்க தாங்கலை அங்கிள்… உங்களுக்கு அவ்வளவா வலிக்கவே இல்லை.”

அறுபத்தெட்டு வயதில் என் வீரம் அந்த நாற்காலியிலேயே செத்தது. கறுப்பு முடியைப் போல, கட்டைக் குரலைப் போல, அது என்னோடு பிறந்த ஒன்று. நான் சம்பாதித்தது அல்ல. வலியைத் தாங்காத பிள்ளையைக் கோழை என்றேனே! தினம் தினம் உண்மையாகவே வலித்தவனை… ஐயோ!

அவன் பிழைப்பானா என்று கேட்டேன். பிழைக்கலாம், நாளாகும், திரும்பத் திரும்ப விழுவான் என்றாள். என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா என்றேன். “பக்கத்துல இருங்கோ” என்றாள். எதையும் கட்டி எழுப்பிப் பழகிய கைக்கு, வெறுமனே மடியில் கிடக்கச் சொல்லி ஒரு வேலை!

“யாரோட தப்பும் இல்லை, அங்கிள்” என்றும் சொன்னாள். சொன்னவள் நல்லவள். ஒரு கணம் அதைக் குளிருக்குக் கம்பளி போல இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. கடை சின்னதாக இருந்தது அவன் தப்பு இல்லை, சரி. நடுங்கும் கையைப் பார்த்தபின்னும் டப்பாவைத் திறந்தது யார்? அதற்கு எந்த மூளையைக் கைகாட்டுவேன்?

அவன் சிகிச்சைத் தாளைப் படித்துக் காட்டச் சொன்னேன். பழக்கம் எப்படித் தொடங்கியது என்ற இடத்தில், ‘நண்பர்கள் மூலம்’ என்று இருந்தது. நான் சொன்னதல்ல. இதற்கு முன் இரண்டு முறை சேர்த்தபோதும் குமரனே அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

“ஏம்ல அப்படிச் சொன்ன?” என்று கட்டிலருகில் குனிந்து கேட்டேன்.

கண்ணைத் திறக்காமல் சொன்னான். “சோடோ அப்பா, விடு… டில்லி முழுக்க உன் பேரு இருக்கு. கெட்டுப்போயிடும்.”

நான் டாக்டரிடம் திரும்பிப் போனேன். அதை அடித்து எழுதம்மா என்றேன். அதனால் சிகிச்சை ஒன்றும் மாறாது என்கிறாள். மாறாவிட்டால் என்ன? நாளையும் போவேன். அவள் எழுதும்வரை போவேன். கோமதியிடமும், ராஜுவின் தாயிடமும் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

நான் செய்ததை இன்னொருவன் பெயரில் எழுத இதுவரை விட்டதில்லை. இதையும் விடமாட்டேன். ‘நண்பர்கள்’ என்பதை அடியுங்கள். அங்கே என் பெயரை வெட்டுங்கள், அழியாதபடி, ஆழமாக.

சு.மாடசாமி, டில்லி.