மூடிவைத்த குளம்

துபாயில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. பெரிய வீடுகளின் நீச்சல் குளத்தைக் கழுவுவது, மருந்து போடுவது, வெயில் காலம் வந்தால் மூடிவிட்டு வருவது. "குளத்த எப்படிடே மூடுவ? மண்ணள்ளிப் போட்டா?" என்று என் மாமா கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல்தான். எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

மூடுவது என்றால் இதுதான். ஜூன் மாதம் வந்துவிட்டால் அங்கே குளத்துத் தண்ணீரில் கால் வைக்க முடியாது, சுடும். வில்லாக்காரர்கள் ஊருக்கோ லண்டனுக்கோ கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் நாங்கள் எங்கள் கேம்ப் இருந்த அல் கூஸிலிருந்து பிக்கப்பில் போய், குளோரினைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, மோட்டாரை நிறுத்தி, நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருவோம். சீசன் க்ளோசிங் என்று பெயர். தண்ணீரை மட்டும் யாரும் இறைத்துவிடக் கூடாது. கடலோரத்து மண் அது, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். குளத்துக்குள் இருக்கிற தண்ணீரின் கனம்தான் கீழே ஊறுகிற தண்ணீரை அமுக்கி வைத்திருக்கிறது. குளம் காலியானால் கீழே ஊறுகிற தண்ணீர் தரையைத் தூக்கிவிடும், பதித்த டைல்ஸ் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருவோம். சொல்வது என்றால் யாரிடம்? கையெழுத்துப் போடுகிற ஐயாவிடம். அம்மாக்களிடம் பேசுகிற வழக்கம் எங்கள் கம்பெனியில் கிடையாது. ஸலாம் வைப்போம், ஜூஸ் கொடுத்தால் குடிப்போம், அவ்வளவுதான்.

ஜுமைராவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. சார் திருச்சிக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி. மற்றவர்கள் கேட்கிற கிளெய்மை எப்படித் தள்ளுபடி செய்வது என்பதுதான் அவர் தொழில், அதில் கெட்டிக்காரர் என்று பெயர். வில்லா கம்பெனி கொடுத்தது. குளமும் அதோடு சேர்ந்து வந்தது. அந்த வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. நாங்கள் வாரா வாரம் போய், யாரும் இறங்காத குளத்தை விழுந்து விழுந்து சுத்தம் செய்துவிட்டு வருவோம்.

அந்த வருடம் நானே நின்று அந்தக் குளத்தை மூடினேன். பிள்ளைகள் இருவரும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். சார் பயிற்சிக்காக ஆறு வாரம் லண்டன் கிளம்பிக்கொண்டிருந்தார். தண்ணீரை இறைக்கக் கூடாது என்று நான் சொன்னபோது "யெஸ், யெஸ்" என்று தலையாட்டியபடி டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஆபீசுக்கு போன் வந்தது. குளத்தின் ஆழமான பக்கத்தில் தரை உப்பிக்கிடக்கிறது, டைல்ஸ் கழன்று தண்ணீரில் கிடக்கிறது, எல்லாம் உங்கள் கம்பெனி செய்த கோளாறு என்று சார் சத்தம் போட்டிருக்கிறார்.

போய்ப் பார்த்தேன். தார்ப்பாயை விலக்கியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோடை முழுக்க மூடிக் கிடந்த தண்ணீருக்கு ஒரு நிறமும் வாடையும் உண்டு. இதுவோ நேற்றுக் குழாயில் பிடித்த தண்ணீர் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. யாரோ குளத்தை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பியிருக்கிறார்கள். வாட்ச்மேன் பட்டாணியரைக் கேட்டேன். "மாஃபி மாலூம்" என்று வானத்தைக் காட்டினார். தனக்குத் தெரியாது, ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று அர்த்தம்.

விடுவேனா? சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக் காட்டினேன். நிறம் மாறவே இல்லை.

"பாருங்க சார், குளோரின் துளிகூட இல்ல. நாங்க மருந்து போட்ட தண்ணியே இல்ல இது."

சார் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ குளோரினே போடாம மூடியிருக்கீங்க. நீங்களே ஒத்துக்கிட்டீங்க மிஸ்டர். ரொம்ப நன்றி."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. குளோரினுக்கும் டைல்ஸ் பெயர்வதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. கத்தாமல் இருக்கத்தான் அவருக்குச் சம்பளம். பெயர்ந்த டைல்ஸில் நாலைந்து பாளங்களை வாட்ச்மேனை எடுக்கச் சொல்லி, ஹாலில் பேப்பர் விரித்து, சாட்சிக்கு என்று அடுக்கி வைத்தார்.

இது வேறு சமயமாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆவணி கடைசி முகூர்த்தம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. எங்கள் மேனேஜர் பம்பாய்க்காரர், எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில்தான் இருக்கும். லீவுக்குப் பாஸ்போர்ட் கேட்டுப் போய் நின்றேன். "கஸ்டமர் கலாஸ் போலேகா, தப் பாஸ்போர்ட்" என்றார். கஸ்டமர் வாயால் பிரச்சினை முடிந்தது என்று சொன்னால்தான் பாஸ்போர்ட்டாம். ஆவணியைத் தவறவிட்டால் அடுத்தது புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் பக்கம் யார் தாலி கட்டுவார்கள்? ஏற்கெனவே பெண்ணின் அப்பாவுக்கு வளைகுடா மாப்பிள்ளை என்றால் அரை மனசு. மாப்பிள்ளையே வந்து சேரவில்லை என்றால் அந்த இடம் கைநழுவிவிடும். அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை, காப்பித் தட்டோடு பார்த்திருந்தேன். அவள் தலையைக் குனியாமல் என்னை நேராகப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளைத் தவிர வேறு நினைப்பே எனக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. சார் காலைப் பிடித்தாவது முடித்துவிட்டு வருவது என்று ஜுமைராவுக்குப் போனேன். போன நேரம் மதியச் சாப்பாட்டு நேரம். சார் கதவைத் திறந்தபடியே ஆரம்பித்துவிட்டார். பின்னாலிருந்து வீட்டம்மா குரல் கொடுத்தார்.

"சாப்பிடுற நேரத்துல வந்திருக்காரு. மொதல்ல உக்காரச் சொல்லுங்க. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

முதல் தடவையாக அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்தேன். சோறு, முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்க் கறி. கேம்ப் ரூம் பருப்பைத் தின்று செத்துப்போயிருந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. அம்மா ஒரு தட்டு நிறையப் பொரித்த ஜவ்வரிசி வடாம் கொண்டுவந்து வைத்தார். சார் ஒன்றை எடுத்து நொறுக்கினார்.

"இந்த மொறுமொறுப்பு எந்தக் கடையிலயும் கிடைக்காது மிஸ்டர். நான் லண்டன்ல இருந்தப்ப டின் டின்னா போட்டு வெச்சிருக்கா. இந்த ஊரு வெயில் இதுக்காவது உபயோகப்படுது பாருங்க."

நானும் ஒன்றை எடுத்தேன். வாயில் போடப் போனவன் நிறுத்திவிட்டேன். வடாமின் அடிப்பக்கத்தில் கோடுகள். குறுக்கும் நெடுக்குமாக, சின்னச் சின்னக் கட்டங்கள். பொரிந்ததில் கொஞ்சம் கோணியிருந்தாலும் கட்டம் கட்டம்தான். எத்தனை வருடம் முட்டி போட்டுத் தேய்த்த கட்டங்கள்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அது நீச்சல் குளத்து மொசைக்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே மறைக்கக்கூட இல்லை, தட்டில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சார் தனக்கு எதிரான சாட்சியை நறுக் நறுக்கென்று கடித்து விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நெஞ்சை அடைத்தது.

"வடாமெல்லாம் எங்க சார் காய வெச்சாங்க?"

"வேற எங்க, மாடியிலதான்."

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். சாம்பார்க் கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் கையில் பிடித்திருந்த வடாமையும், பிடித்திருந்த விதத்தையும் அவர் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. தலையை லேசாக, வேண்டாம் என்பதுபோல அசைத்தார். கரண்டியோடு அடுக்களைக்குள் போய்விட்டார்.

எனக்கு வந்த சோதனையைப் பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் பாஸ்போர்ட் கைக்கு வரும். ஆனால் தன் கையால் சோறு போட்ட மனுஷியை, அவர் வீட்டு மேசையிலேயே, புருஷன் முன்னால் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் என் கல்யாணம் போகும். இரண்டும் ஆகாது. கடைசியில், யாரையும் காட்டிக்கொடுக்காமல், அடுக்களை வரைக்கும் கேட்கிற சத்தத்தில் என் கதையை எடுத்துவிட்டேன்.

"சார், ஆவணி கடைசியில எனக்குக் கல்யாணம்! நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னாத்தான் மேனேஜர் பாஸ்போர்ட்டக் குடுப்பாரு! இல்லேன்னா அந்தப் பொண்ண வேற எடத்துல குடுத்துருவாவ சார்!"

"ஏன் கத்துறீங்க? எனக்குக் காது நல்லா கேக்கும். உங்க கல்யாணம் வேற, என் டேமேஜ் வேற. ரெண்டையும் சேர்க்கக் கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் அம்மா வந்துவிட்டார். கையில் பொரிக்காத வடாம் டின். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?" என்று என்னைத்தான் முதலில் திட்டினார். பிறகு ஹாலில் சார் அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் பாளத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு பச்சை வடாமை எடுத்து அதன்மேல் வைத்து, லேசாகத் திருப்பினார். கோட்டோடு கோடு போய் உட்கார்ந்துகொண்டது.

சார் கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நான்தான். வாட்ச்மேன விட்டுத் தண்ணிய எறைச்சேன். பிளாஸ்டிக் விரிச்சு உள்ள காய வெச்சேன்" என்றார் அம்மா.

"மாடிக்கு என்ன?"

"ஏசி மிஷினும் புறாவும்."

"தோட்டம்?"

"மணல் பறக்குது. குழிக்குள்ள காத்தும் இல்ல, மணலும் இல்ல. அடுப்பு மாதிரி இருக்கும். காலையில ஊத்துனா சாயங்காலம் எடுத்துரலாம்."

"எறைக்கக் கூடாதுன்னு இவர் சொன்னாரே."

"உங்ககிட்ட சொன்னாரு. எங்கிட்ட யாரு சொன்னா?"

நான் தரையைப் பார்த்தேன். சாருக்குத் தொழில் புத்தி போகவில்லை. கிளெய்ம் கேட்டு வந்தவரை விசாரிப்பதுபோல் அடுத்த கேள்விக்குப் போனார்.

"சரி. வடாம் ஒரு வாரத்துல முடிஞ்சிருக்குமே. உடனே தண்ணி விட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. ஏன் நாள் கணக்கா காலியா விட்ட?"

அம்மா டின்னின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"வெயில் தாழ்ந்ததும் ஏணியப் புடிச்சு உள்ள எறங்கி உக்காந்துக்குவேன். ஏதாவது பேசுவேன். அங்க பேசுனா நம்ம கொரலாவது திரும்பி வரும். வீட்டுக்குள்ள பேசுனா அதுவும் வராது."

சார் எச்சில் கையோடு அந்தப் பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த அம்மாவை நினைத்து வருத்தமாக இருந்தது. அவ்வளவு நேரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. சார் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேனேஜர் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கி, போனைச் சுழற்றினார். நிலத்தடித் தண்ணீரால் வந்த சேதம், உங்கள் ஆள்மேல் தப்பே இல்லை என்று இங்கிலீஷில் நீளமாகச் சொல்லிவிட்டு, எனக்குப் புரிய வேண்டும் என்றோ என்னவோ, கடைசியில் "கலாஸ்" என்றார். அம்மா என் தட்டில் இன்னும் இரண்டு வடாம் வைத்தார். தின்றேன், நல்ல ருசிதான்.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மாமா பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குளத்த மூடிட்டு வந்துட்டான் மாப்ள" என்று கேலி செய்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

லீவு நாட்களில் என் மனைவியிடம் இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சார் மாதிரிப் பேசிக் காட்டுவேன், அப்பளத்தை எடுத்து மொசைக் பார்ப்பதுபோல் நடிப்பேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிப்பதற்காகவே இல்லாததையும் இட்டுக்கட்டிச் சொன்னேன். குழிக்குள் உட்கார்ந்து பேசிய பகுதியை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லிவந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, எப்படியோ அதையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். லேபர் விசாவில் இருக்கிறவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பினேன். முதல் நாள் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தாள்.

"அந்த அக்காவுக்கு அவுக வீட்டுக்காரரு ஆறு வாரத்துல திரும்பி வந்துட்டாரு. நீங்க எப்ப வருவீக?"