அரியர் பாஸானதை அம்சாவிடம் சொல்லப் போனேன்

இன்று மதியம் அரியர் ரிசல்ட் வந்தது. கணிதத்தில் பாஸ்.

வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

நானும் அம்சாவும் பழவேற்காட்டுப் பக்கம் ஒரே குப்பத்துப் பெண்கள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலிடம் அவள், அடுத்தது நான். எங்கள் முகங்களைப் போட்டு பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். (அதில் என் மூக்கு மட்டும் ஏனோ பெரிதாக வந்துவிட்டது.)

பொன்னேரியில் ஒரு கல்லூரியில் இருவரும் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தோம்.

பள்ளியில் நாங்கள் கணக்கே போட்டதில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மனப்பாடம் செய்திருக்கிறோம். எது பரீட்சைக்கு வரும் என்று சாரே குறித்துக் கொடுப்பார். எழுதி எழுதி, கேள்வியின் முதல் வரியைப் பார்த்தாலே கை தானாக விடையை எழுதிவிடும்.

கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். சார் ஒரு தேற்றத்தைப் பாதி நிரூபிப்பார். மீதி 'ட்ரிவியல்', விளக்கவே தேவையில்லை என்று சொல்லி போர்டை அழித்துவிடுவார்.

ஒருநாள் அம்சா எழுந்து கேட்டாள்.

"சார், அந்தக் கடைசி லைன் இன்னாத்துக்கு வருது சார்?"

எனக்கும் அதே சந்தேகம்தான். வகுப்பு சிரித்தது. சிரித்தது சந்தேகத்துக்கா, 'இன்னா'வுக்கா என்று தெரியவில்லை. (பொன்னேரியிலும் இன்னாதான். கிளாஸுக்குள் மட்டும் யார் வாயிலும் அது வராது.)

சார் சிரிக்கவில்லை. பிளஸ் டூவில் எப்படி என்று கேட்டார். ஸ்கூல் ஃபர்ஸ்ட் என்றாள்.

"அதாம்மா பிரச்சனையே. மார்க்க அள்ளிப் போட்டு அனுப்பிடறாங்க. இங்க வந்து அவஸ்தைப்படறது நாங்க."

அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. புரியாததை எல்லாம் முன்பைவிட வெறியோடு மனப்பாடம் செய்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே உதடு முணுமுணுக்கும். செமஸ்டரில் கேள்விகளை மாற்றிக் கேட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒரு கணிதத் தாள் போனது. அவளுக்குத் தமிழைத் தவிர எல்லாமே போனது.

அவளுடைய நைனா ஏரியில் இறால் பிடிக்கிறவர். அரியர் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லப் போனேன். திரும்ப எழுதலாம், வருஷம் வீணாகாது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. திரும்ப எழுதுனா வந்துடுமா?"

"எனக்குக் கணக்கு வராது நைனா."

சொன்னது ஸ்கூல் ஃபர்ஸ்ட் வாங்கியவள்.

டி.சி. வாங்கிவிட்டார்கள். இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. (கல்லூரிக்குப் போக பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். கம்பெனி வேன் தெருமுனைக்கே வருகிறது.)

நான் என் தங்கையின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"இன்னாக்கா, பெயிலாயி எங்க கிளாசுக்கே வந்துட்டியா?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் நிலைமை அதுதான். ஒவ்வொரு வரியும் ஏன் வருகிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடியாவிட்டால் அடுத்த வரிக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் ஆனது. மெதுவாகப் பிடிபட்டது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் சில வாரங்களில் வந்திருக்கும்.

இன்று மாலை வேன் வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். அம்சா கம்பெனியின் நீலக் கோட்டோடு இறங்கினாள். பாஸ் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எப்படிப் படித்தேன் என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

கையை விட்டுவிட்டாள்.

"அப்போ எனக்கும் வந்திருக்கும், இல்லடீ?"

ஆமாம் என்றால் அவளுக்கு வலிக்கும். இல்லை என்றால் பொய். தலையை மட்டும் ஆட்டினேன். காலையில் ஷிஃப்ட் இருக்கிறது, தூங்கணும் என்று போய்விட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் டிகிரி முடித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். முதல் செமஸ்டரோடு நின்றுபோன யாராவது ஒருவர் உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்.

அவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா?