அறுபதாம் நிலையில் ஒரு கப்பல்

நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் தேங்காயெண்ணெய் வாசனை மாடிப்படி ஏறி ஏசி அறைக்குள்ளும் வந்துவிடும். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சிப்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஓர் இன்டர்நெட் கஃபே. வாசலில் நனைந்த குடைகள், கழற்றிய செருப்புகள்...

இரண்டாயிரத்து நான்கு அல்லது ஐந்தாக இருக்கலாம். ஆண்டை உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சட்டக் கல்லூரியில் நானும் எட்வினும் இரண்டாம் ஆண்டு. அவனுக்கு ஊர் பாறசாலை, எனக்குக் கோட்டைக்குள் அக்ரஹாரம். அதனால் அவன் வாயில் நான் எப்போதும் "சாமி".

பிற்பகல் வகுப்பு முடிந்ததும் அங்கே போய் ஓர் ஆன்லைன் விளையாட்டு ஆடுவோம். இருவருக்கும் சேர்த்து ஒரே கேரக்டர். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

எட்வினின் ஒரு மணி நேரத்தில் உருப்படியாக எதுவும் நடக்காது. விளையாட்டுக்குள் வரும் ஊரில் ஒரு மரப்பாலம் உண்டு. அங்கே உட்கார்ந்து மீன் பிடிப்பான். எந்த நாட்டுக்காரர்களிடமோ அரைகுறை இங்கிலீஷில் டைப் அடித்துப் பேசுவான். சிரித்துக்கொண்டே இருப்பான்.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலில் ஏறி அக்கரை போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அறுபதாவது லெவல் வந்தால்தான் ஏற விடுவார்கள். நாங்கள் அப்போது இருபத்திரண்டில் இருந்தோம்.

நான் செய்த பிழை இங்கேதான் தொடங்குகிறது.

ஒப்பந்தச் சட்டம் அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். படித்ததை எதிலாவது பொருத்திப் பார்க்கும் வெறி. ஃபுல்ஸ்கேப் தாளில் ஆறு பிரிவுகளோடு ஓர் உடன்படிக்கை எழுதினேன். ஒவ்வொருவரும் தினம் நூறு காட்டுப்பன்றிகளைக் கொல்ல வேண்டும். அறுபது வரும்வரை பாலத்துக்குப் போகக்கூடாது. வராத நாளுக்குரிய பன்றிகளை வந்த நாளில் சேர்த்து முடிக்க வேண்டும்.

"இது களியாடே, இல்ல கேஸா?" என்று சிரித்துக்கொண்டேதான் எட்வின் கையெழுத்துப் போட்டான். அவன் ஊரில் விளையாட்டுக்குக் களி என்று பேர்.

முதல் சில வாரங்கள் உற்சாகமாகவே போயின. பிறகு... அதே காடு, அதே பன்றி, அதே மூன்று பொத்தான்கள். எட்வின் திரையைப் பார்க்காமலே அழுத்தப் பழகிக்கொண்டான். யாராவது அவனை அழைத்து ஏதாவது எழுதினால் பதில் போடுவதில்லை. அவன் சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. பன்றிகளின் எண்ணிக்கை மட்டும் நாள்வாரியாக என் நோட்டில் இருந்தது.

ஒருமுறை அவன் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் படியேறி வந்தவனிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் நன்றாக நினைவிருக்கிறது.

"எடா, ரெண்டு நாளுக்கு இருநூறு. இன்னிக்கோட சேத்து முந்நூறு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முந்நூறையும் முடித்தான்.

அறுபது வந்தது அவனுடைய முறையில்தான். திரையில் வாணவேடிக்கை. நான் கைதட்டினேன். அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஆச்சு சாமி. கப்பல்ல நீ போ."

"நீதானேடா பாக்கணும்னே?"

"அப்பம் பாக்கணும்னு இருந்துது. இப்பம் இல்ல, கேட்டியா. எனக்கு மதியாச்சு, போதும்."

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அந்த மாடிக்கு அவன் அப்புறம் வரவே இல்லை. வகுப்பில் பேசுவான், கேட்டால் நோட்ஸ் கொடுப்பான். மாலைகளில் மட்டும் பாறசாலை பஸ்ஸைச் சீக்கிரமே பிடித்துவிடுவான்.

நான் தனியாகக் கப்பலேறினேன். அக்கரையில் இன்னொரு காடு இருந்தது. அதில் இன்னும் பெரிய பன்றிகள், சற்றே வேறு நிறத்தில். அடுத்த கப்பலுக்குத் தொண்ணூறாவது லெவல் வேண்டுமாம். பாலம் எதுவும் இல்லை.

விளையாட்டை அமைத்தவர்கள் மீது ஒரு பங்கு பழி உண்டு என்று வாதிடலாம். சலித்துப் போகும்வரை ஒன்றையே செய்ய வைத்து, ஆசை செத்த பிறகு பரிசைக் கொடுக்கிறார்கள். வாதம் சரிதான். ஆனால் பாலத்துக்குப் போகாதே என்று விளையாட்டு சொல்லவில்லை. அதை எழுதியவன் நான்.

இப்போது என் மகள் போனில் ஏதோ விளையாடுகிறாள். தினசரிக் கடமைகள் அதில் வரிசையாக வருகின்றன. ஒரு நாள் தவறினால் முகம் வாடிவிடுகிறது. நாளைக்குச் சேர்த்து முடித்துவிடு என்று சொல்ல வாயெடுத்து, போன வாரம் நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறன்று ஒரு வேலையாக விழிஞ்ஞம் துறைமுகத்துப் பக்கம் போயிருந்தேன். தூரத்தில் பெரிய கப்பல் ஒன்று நின்றது. படமெடுத்து எட்வினுக்கு அனுப்பினேன். அவன் இப்போது வேறு ஊரில் ஒரு வங்கியில் சட்ட அதிகாரி. வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்தோடு நிற்கிற பழக்கம் எங்களுடையது. படத்துக்குக் கீழே, அன்று கேட்காமல் விட்டதை எழுதினேன்.

"அக்கா நிச்சயம் எப்படிடா நடந்தது?"

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அக்காக்க மக இப்பம் காலேஜ் போறா, சாமி."

அதில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.