கண்ட்ரோல்காரருக்குத் தெரிந்தது

ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவரை இன்றும் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, டூட்டி முடிந்தால் நேரே வீடு. அப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரே ஒரு பீற்றல் இருந்தது. "நான் எந்நேரம் வந்தாலும் வெந்நீர் தயாரா இருக்கும், சாப்பாடு சூடா இருக்கும். என் வண்டி வர்றது அவ மனசுக்குத் தெரியும்யா" என்பார். வீட்டில் ஆறிப்போனதைத் தின்கிற மற்ற டிரைவர்களின் வயிற்றெரிச்சலை அப்படிக் கொட்டிக்கொண்டவர் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிற்பகலில் அந்த எரிச்சல் அவர் வயிற்றுக்கே வந்து சேர்ந்தது. மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இவர் எடுத்தார்.

"என்னம்மா, முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?" என்றது ஓர் ஆண் குரல்.

இவருக்குத் தெரிந்து அந்த வீட்டில் யாருக்கும் முட்டி வலி இல்லை. "யாருய்யா நீ?" என்று அதட்டினார்.

"சார், நீங்களா! நான் கண்ட்ரோல் ஆபீஸ்ல இருந்தவன்..." என்று அந்தக் குரல் வழிந்தது. டிரைவர் பட்டென்று போனை வைத்தார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி போன் பழக்கத்தை மறைக்கவில்லை. எந்த வண்டி எங்கே வருகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனிப்பது கண்ட்ரோல்காரர் வேலை. குடியிருப்பு முனையில் இருந்த ரயில்வே போனிலிருந்து அவரிடம்தான் கேட்பாளாம். "உங்க வண்டி எங்க வருதுன்னு கேட்டுட்டுத்தான் அடுப்பு பத்தவைப்பேன். அவரும் சலிக்காம சொல்லுவார். அப்படியே பழக்கமாயிடுச்சு. மூஞ்சியக்கூட பார்த்ததில்ல."

மனசுக்குத் தெரிந்ததாம் மனசுக்கு! அன்று ராத்திரி டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. இவர் எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டிருந்தபோது அந்த ஆள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இவர் பெண்டாட்டியோடு கதை பேசியிருக்கிறான். குரல் வேறு வெண்ணெயாய் வழுக்குகிறது. பேரன் பேத்தி எடுத்த வயதில் சந்தேகமா என்றால், சந்தேகம் இல்லை. சுத்தமான பொறாமை. "அந்த ஆள நான் பார்க்கணும்" என்றார். மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த ஆள் வீட்டுக்குக் கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்று மீசைக்கு மை பூசிக்கொண்டார்.

கதவைத் திறந்தவர் முழு வழுக்கை. முதுகு கூன். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. டிரைவருக்குப் போன உயிர் பாதி திரும்பிவந்தது. மீசை மைதான் வீண் என்று நினைத்துக்கொண்டார். மற்ற இருவரும் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார்.

தேநீர் கொடுத்துக்கொண்டே கண்ட்ரோல்காரர் கேட்டார், "பெரியவனுக்கு அப்புறம் வலிப்பு வரவே இல்லையேம்மா?"

"வரலைங்க" என்றாள் மனைவி, தரையைப் பார்த்து.

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவனுக்கு வலிப்பா? எப்போது?

கண்ட்ரோல்காரர் வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டே போனார். "சின்னப் பிள்ளையா இருந்தப்ப சார். நீங்க வண்டியில இருந்தீங்க. நான்தான் ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னேன். அன்னிக்கு அம்மா போன்ல அழுத அழுகை இன்னும் என் காதுல இருக்கு."

காலில் விழுந்து நன்றி சொல்லவேண்டிய இடம். டிரைவருக்கு நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது, முன்னைவிட மோசமாக. இத்தனை வருஷத்தில் இவர் எதிரே அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

தெருவுக்கு வந்ததும் வெடித்தார். "நீ அவன்கிட்ட சிரிச்சிருந்தாக்கூட பொறுத்துப்பேன். அழுதிருக்கியே! என் வீட்டு அழுகைய அவன்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்திருக்கியே!"

அவள் நின்றுவிட்டாள். "யார் போட்ட சட்டம் அது? கல்யாணமான புதுசுல நீங்கதானே சொன்னீங்க? வீட்டுச் சண்டைய நெனச்சுக்கிட்டே ஒருத்தன் சிவப்பு சிக்னலத் தாண்டிட்டான், அதனால என்கிட்ட நல்லத மட்டும் சொல்லுன்னு. உங்க பின்னால ஒரு வண்டி சனம் உட்கார்ந்திருக்கு. நான் வாயத் திறப்பேனா?"

சொன்னது உண்மைதான். சொன்னதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

"அதான் வண்டிய விட்டு இறங்கியாச்சே. அப்புறமும் முட்டி வலிய ஏன் மறைச்சே?"

"நீங்க சட்டத்த வாபஸ் வாங்கலியே."

டிரைவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். "இப்ப வாங்கிட்டேன். இன்னும் என்ன இருக்கோ சொல்லு."

அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நடந்தாள். "ரெண்டு மாசமா வலது கண்ணு சரியாத் தெரியல. நடுவுல கருப்பா ஏதோ மறைக்குது. பயமா இருக்குங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

டிரைவருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது. அவள் என்ன சொன்னாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இதற்கா சந்தோஷப்பட்டோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

இடது பக்கம் வந்துகொண்டிருந்தவர் அவளுடைய வலது பக்கத்துக்கு மாறினார். லாரிகள் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வேண்டாம். நேரா கண் டாக்டர்கிட்ட போறோம்" என்றார். சற்று நடந்துவிட்டு, "கண்ட்ரோல்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றார்.