மரியகொறற்றி டீச்சரும் இரண்டாவது வாத்தியாரும்

மரியகொறற்றி டீச்சர் நாவலப்பிட்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ஓடுகிற ரயிலுக்கு மேலாகக் கத்திப் பேசியே வளர்ந்ததால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. கோயில் பாட்டுக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்ட பாதர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மனம் மாறிவிட்டார். கல்வி இலாகா அப்படியெல்லாம் மனம் மாறாது. கலஹாவுக்கு மேலே, பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைக்குள்ளால் மூச்சு வாங்க ஏறவேண்டிய ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அவரை அனுப்பியது, அனுப்பியதோடு மறந்தும்விட்டது.

தோட்டத்துரைமார் கையில் இருந்த பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்ட காலம் அது. பொறுப்பேற்றது என்றால் பெயர்ப்பலகையை மாற்றியது. கூரை முன்பு ஒழுகிய இடத்திலேயே ஒழுகியது. ஒரே மண்டபம், அதில் ஐந்து வகுப்பு, இடையில் மறைப்பு என்று ஒரு சாக்குக்கூடக் கிடையாது. இருந்தாலும் இரண்டு வாத்தியார்மார் இருந்தார்கள். சின்னதுகள் மூன்று வகுப்பையும் மரியகொறற்றி பார்த்துக்கொண்டார். நாலாம், ஐந்தாம் வகுப்புகளை யாழ்ப்பாணத்து விவேகானந்தன் மாஸ்டர் பார்த்துக்கொண்டார். நெட்டை மனிதர், அதிகம் பேசாதவர், கணக்கில் புலி. அவர் கையால் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பலர் கலஹாவில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போகாதவர்கள் கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டினார்கள். அந்த மலையில் ஒரு பிள்ளைக்கு முன்னால் இருந்த வழிகள் இந்த இரண்டும்தான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. விவேகானந்தன் மாஸ்டர் வாடகைக்கு இருந்த அறையும் அதில் போனது. உடுத்த சாரத்தோடு அகதி முகாமுக்குப் போனவர் அங்கிருந்தே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். தவணை தொடங்குமுன் வந்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். தவணை தொடங்கியது, முடிந்தது, அடுத்ததும் தொடங்கியது. வடக்கே சண்டை மூண்டு பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அவர் வரவில்லை. வராத மனிதரைக் குறைசொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை.

கண்டியில் இருந்த வட்டாரக் கல்விக் கந்தோருக்கு டீச்சர் எழுதினார்: இரண்டாவது ஆசிரியர் இல்லை, தயவுசெய்து ஒருவரை அனுப்புங்கள். கந்தோர் பதில் எழுதியது: உங்கள் பாடசாலையில் விவேகானந்தன் என்று ஒருவர் கடமையில் இருக்கிறார், ஆகவே வெற்றிடம் இல்லை. டீச்சர் மறுபடி எழுதினார்: அவர் வருவதில்லை. கந்தோர் மறுபடி பதில் எழுதியது: ஏன் வருவதில்லை என்பதற்கு அவரிடமிருந்து எழுத்தில் விளக்கம் பெற்று, அதிபர் மூலமாக அனுப்பிவைக்கவும், தவறினால் அதிபரே பொறுப்பு.

அதிபர் என்றால் தலைமை வாத்தியார், அங்கே அது டீச்சர்தான். அந்த இலாகாவில் எல்லாவற்றுக்கும் அதிபரே பொறுப்பு. கூரை ஒழுகினால், ஏன் ஒழுகவிட்டீர் என்று விளக்கம் கேட்பார்கள். அதே இலாகாதான் உதவியும் செய்தது என்பதை மறைக்கக்கூடாது. டீச்சர் ஒரு வாத்தியாரைக் கேட்ட வருஷம் வலைப்பந்துக் கம்பங்கள் வந்தன. நிமிர்ந்து நிற்கவே இடமில்லாத அந்தச் சரிவில் கம்பங்களை நட்டார்கள், முதல்நாள் எறிந்த பந்து தேயிலைக்குள் உருண்டு தொழிற்சாலைப் பக்கம் போனது. பந்து எங்கே என்று கேட்டும் ஒரு கடிதம் வந்தது.

இதற்கிடையில் நாலாம், ஐந்தாம் வகுப்புகள் சும்மா உட்கார்ந்திருந்தன. டீச்சர் ஓடி ஓடி ஐந்து வகுப்புக்கும் படிப்பித்தார். ஓட்டம் நடந்த அளவுக்குப் படிப்பு நடக்கவில்லை. இரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட மேலே போகவில்லை. நல்லாய்ப் படிக்கக்கூடிய பெண்பிள்ளைகள், மழைக்குத் தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, கொழுந்து பறித்தபடி ‘குட்மோர்னிங் டீச்சர்’ என்று மலையிலிருந்து கூப்பிடும்போது அவருக்கு அழுகை வரும். அவர் கேட்டதெல்லாம் இன்னுமொரு வாத்தியார், அவ்வளவுதான்.

அப்போதுதான் பரிசோதனை வந்தது. புதிதாக வந்திருக்கும் வட்டாரக் கல்வி அதிகாரி நவரட்ணராஜா நேரில் வந்து பார்வையிடுவார் என்று அறிவித்தல். வழக்கமாகப் பரிசோதனைக்கு முதல்நாள் தோட்டமே திரண்டு சுண்ணாம்பு அடித்து, வாழைமரம் கட்டி, பக்கத்துத் தோட்டத்திலிருந்து நல்ல கதிரை இரவல் வாங்கி, இலாகாவே இப்படியொரு பள்ளிக்கூடம் தனக்கும் வேண்டும் என்று ஆசைப்படும்படி செய்துவைக்கும். வருகிறவர் தேநீர் குடித்து, திருப்தி என்று எழுதிவிட்டுப் போவார். உதவி வேண்டிய பள்ளிக்கூடம் எது என்று அந்த மலைகளில் யாருக்குமே தெரியாமல் போனது இப்படித்தான்.

இந்த முறை டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். “சுண்ணாம்பும் வேணாம், தோரணமும் வேணாம். ஒழுகுறது ஒழுகட்டும். ரெண்டு வகுப்பு வாத்தியார் இல்லாம இருக்குறத அவரு கண்ணால பாக்கட்டும்.”

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராஜரத்தினம் தலையாட்டினார். ஆனால் அவருக்குக் கலஹா தேத்தண்ணிக் கடையில் வேறு செய்தி கிடைத்திருந்தது. ஒரே வாத்தியார் உள்ள பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள் என்பார். டீச்சர் படித்தவர், சூதுவாது தெரியாதவர், நாமே ஒரு ஏற்பாடு செய்துவைப்போம் என்று அவர் முடிவு செய்தார்.

பரிசோதனை நாளன்று சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியதால் டீச்சர் பிந்தித்தான் மலை ஏறினார். மேலே போனால் வாழைமரம் நிற்கிறது, தோரணம் ஆடுகிறது. நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு முன்னால் கழுத்துப் பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு ஓர் இளைஞன் நிற்கிறான்.

“யாருங்க இது?”

“மொள்ளப் பேசுங்க டீச்சர்” என்றார் ராஜரத்தினம். “நம்ம சம்சாரத்தோட தம்பி, அமலதாஸ். நாவலப்பிட்டியில புடவைக் கடையில நிக்கிறான். இன்னைக்கு ஒருநாள் இவன்தான் விவேகானந்தன் மாஸ்டர்.”

“தலைவரே! வாத்தியார் இல்லன்னு காட்டத்தானே நான் இந்தப் பாடுபடுறேன்!”

“இல்லன்னு தெரிஞ்சா மூடிப்புடுவாங்க டீச்சர்.”

அவனை அனுப்பிவிட நேரமில்லை. ஜீப் வந்துவிட்டது. நவரட்ணராஜா இறங்கினார், பின்னாலேயே துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் இறங்கினான். அந்த நாட்களில் மலைக்குப் போகும் தமிழ் அதிகாரிக்கு ஒரு பொலிஸ்காரனைக் கூடவே அனுப்புவார்கள். அவரைக் காப்பாற்றவா, கவனிக்கவா என்பது அவருக்கே தெரியாது.

பொலிஸ்காரனின் கண் நேராக அமலதாஸ் மேல் போனது. “மே கவுத?” என்று கேட்டான், யார் இது என்று.

டீச்சருக்கு ஒரே ஒரு வசனம் போதும்: இவர் எங்கள் ஆசிரியர் இல்லை. அதைச் சொன்னால் இரண்டாவது வாத்தியார் கிடைக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் பொய்ப் பெயரோடு ஒரு தமிழ்ப் பொடியன் நிற்கிறான் என்றும் ஆகும். அப்படி ஜீப்பில் ஏற்றப்பட்ட பொடியன்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. அமலதாஸின் நெற்றி வியர்ப்பதை டீச்சர் பார்த்தார்.

“எங்க விவேகானந்தன் மாஸ்டர்தான்” என்றார்.

நவரட்ணராஜா அந்த இளைஞனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பொலிஸ்காரனிடம், இவர் நம்முடைய ஆசிரியர், நான் அறிந்தவர் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, “விவேகானந்தன், எப்பிடிச் சுகம்?” என்றார்.

“நல்லா இருக்கேங்கய்யா! வாங்க, உள்ள வந்து பாருங்க, பாக்குறதுக்குக் காசில்ல!” என்றான் அமலதாஸ் கடைப் பழக்கத்தில்.

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். “எங்கடை யாழ்ப்பாணப் பேச்சை மறந்திட்டார் போலை. இந்தக் காலத்திலை அதுதான் புத்தி.”

அமலதாஸ் படிப்பிக்கத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கு துணிக் கணக்கு. தேசப்படத்தைப் புடவைச் சுருளைப்போல ஒரே உதறலில் விரித்தான். “ஒரு பாவாடைக்கு ரெண்டரை கஜம்னா, மூணு அக்கா தங்கச்சிக்கு எத்தனை கஜம்?” பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். “கிழிச்சிரட்டுமா?” என்று கேட்டான். “கிழிங்க!” என்றார்கள். செயன்முறைக் கல்வி சிறப்பு என்று அதிகாரி குறித்துக்கொண்டார். டீச்சர் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்களுக்கென்று ஒரு வாத்தியார் முன்னால் நிற்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு காலைப்பொழுதுக்குத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும், இருந்தும் சந்தோஷம்.

அறிக்கை வந்தது. வட்டாரத்திலேயே சிறந்த தோட்டப் பாடசாலை என்று பாராட்டு. ராஜரத்தினம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பின்னாலேயே இன்னொரு கடிதமும் வந்தது. இவ்வளவு சிறப்பாக இயங்கும் பாடசாலைக்கு விவேகானந்தன் ஒருவரே போதுமானவர் என்பதால், மரியகொறற்றி கண்டி நகரப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றப்படுகிறார். அந்த இடத்துக்காக மந்திரி வீட்டு வாசலில் தவம் கிடந்தவர்கள் உண்டு. டீச்சருக்கோ அது வேண்டாம். அவரும் போனால் அந்த மலையில் படிப்பிக்க மிஞ்சுகிறவர், வராத விவேகானந்தன்தான்.

அடுத்த பஸ்ஸிலேயே கண்டிக்குப் போய் நவரட்ணராஜாவின் முன்னால் உட்கார்ந்தார்.

“சேர், நான் அன்னைக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் ரீச்சர்.” அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “விவேகானந்தன் பயிற்சிக் கலாசாலையிலை என்ரை பக்கத்துக் கட்டில். பனையளவு நிப்பான். உங்கடை மாஸ்டர் என்ரை தோள்மூட்டுக்குத்தான் வந்தார்.”

“அப்ப நீங்க ஏன் சேர் ஒண்ணும் சொல்லல?”

“நீங்கள் ஏன் சொல்லேல்லை?”

ஒரு பொடியனைக் காப்பாற்ற இரண்டு அரச உத்தியோகத்தர்கள் தனித்தனியே பொய் சொல்லி, கூட்டாக ஒரு பள்ளிக்கூடத்தைக் கவிழ்த்திருந்தார்கள்.

“இப்ப உண்மைய எழுதுங்களேன் சேர்.”

“எழுதினா அண்டைக்கு நிண்டவன் ஆர் எண்டு கேப்பாங்கள். அவனை நானும் காட்டிக்குடுக்க மாட்டன், நீங்களும் மாட்டியள்.”

“சரி, விவேகானந்தன் மாஸ்டரோட பேர வெட்டிடுங்க.”

“அதுக்கு அவன் விலகிறன் எண்டு எழுதித் தரவேணும், இல்லாட்டிச் சாகவேணும். ரெண்டும் என்ரை கையிலை இல்லை.”

“ஒங்க கையில என்னதான் சேர் இருக்கு?”

“இந்த வட்டாரத்துக்குள்ளை இடமாற்றம் செய்யலாம். அவ்வளவுதான்.”

டீச்சர் யோசித்தார். பத்து வருஷமாக இலாகாவோடு மல்லுக்கட்டியதில் அதன் மூளை அவருக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“ஒரு ஆள் அதிகம்னு தானே சொல்றீங்க? என்னைய விட்டுட்டு அவர மாத்துங்க.”

நவரட்ணராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “எங்கை போடுறது?”

“எங்கயாச்சும் போடுங்க. அவருக்கு எல்லா ஊரும் ஒண்ணுதானே!”

“வெற்றிடம் உள்ள இடத்திலைதான் போடேலும்” என்று சொல்லிக்கொண்டே அவர் பட்டியலில் விரலை ஓடவிட்டார். டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் காது அடைத்திருந்தது.

விவேகானந்தன் மாஸ்டர் பாராட்டுக் கடிதத்தோடு இடம்மாற்றப்பட்டார். அவர் போனதும் வெற்றிடம் கந்தோரின் கண்ணுக்குத் தெரிந்தது. நடக்காதது நடந்தது. பயிற்சி முடித்த சத்தியபாமா என்ற பிள்ளையை நியமித்துவிட்டார்கள். திங்கட்கிழமை வருகிறார், பேராதனையிலிருந்து வரும் காலை பஸ்ஸில்.

புது வாத்தியாரைக் கூட்டிப்போக டீச்சர் கலஹா சந்திக்கு இறங்கி வந்தார். அங்கே மேபல் நின்றார். எதிர்ப்பக்க மலைத் தோட்டத்தில் தனியாளாகப் பள்ளிக்கூடம் நடத்துபவர், டீச்சரின் பழைய சிநேகிதி. கையில் ஈரத்துணி சுற்றிய மாலை. கூடவே கழுவித் துடைத்த பிள்ளைகள் கொஞ்சப் பேர்.

“கொறற்றி! எங்களுக்கும் வாத்தியார் கெடச்சிட்டாரு!” என்று மேபல் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு வருஷமா அஞ்சாம் வகுப்புக்கு ஆளில்லாம எத்தன கடிதம் எழுதினேன்! ஒங்க விவேகானந்தன் மாஸ்டரையே தந்துட்டாங்க. பழைய ஆளுன்னாங்க. கணக்கு நல்லாப் படிப்பிப்பாராமே?”

அந்த மாஸ்டர் வரவேமாட்டார் என்று டீச்சர் சொல்லிவிடலாம். ஆனால் சந்தியில் சாவடி இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. அதையும்விட, சொன்னால் விஷயம் கந்தோருக்குப் போகும், சத்தியபாமா திரும்பிப் போவார். அந்த இரண்டாவது காரணம்தான் வாயை அடைத்தது என்பது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

“நல்லாப் படிப்பிப்பாரு” என்றார்.

பஸ் வந்தது. ட்ரங்குப் பெட்டியோடு சத்தியபாமா இறங்கினார். மாலையோடு முன்னால் போன பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசி ஆளும் இறங்கியான பிறகு கொண்டக்டர் மணியடித்தார்.

“பின்னால வர்ற பஸ்ஸுல இருப்பாரோ?” என்று கேட்டார் மேபல்.

“இருக்கும்” என்றார் மரியகொறற்றி டீச்சர். சத்தியபாமாவின் பெட்டியில் ஒரு பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு மலை ஏறினார். மேபல் கெட்டிக்காரி, இந்த மனிதரை எப்படி வேறிடத்துக்கு அனுப்புவது என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டே நடந்தார். வளைவில் பெட்டியைக் கைமாற்ற நின்றபோது கீழே பார்த்தார். அடுத்த பஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் கதவண்டை ஓடினார்கள்.